சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடியும் சிவப்பு

...ஐயய்யோ, அப்படி நகத்தால சுரண்டினா ஸ்டிக்கர் வராது சார்! எண்ணெயைத் தொடுங்க, ஓரத்துல தடவுங்க, கொஞ்சம் ஊற விடுங்க. அப்புறம் இந்த ஸ்கேலை உள்ள விட்டு மெதுவா... ஆங், அதான்! பாத்தீங்களா, முழுசா வந்துடுச்சு. உங்களுக்கு நல்லா கை வருது சார். நீங்க சிவப்பையும் பச்சையையும் எடுத்துக்கிட்டே வாங்க, மஞ்சளை நான் பாத்துக்கறேன்.

சிரமம் கொடுக்கறேன்னு நினைக்காதீங்க. மத்த பெத்தவங்க எல்லாம் மணி அடிச்சப்புறம்தான் வருவாங்க. நீங்க புது அட்மிஷன், பாவம், ஆர்வமா முன்னாடியே வந்துட்டீங்க. வந்து அந்தக் கடைசி நாற்காலியில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சும்மா உக்காந்திருக்கறதுக்கு ரெண்டு கம்ப்யூட்டரைச் சுரண்டினா என்ன கெட்டுப் போச்சு? உங்க பிள்ளை படிக்கப் போற ரூம்தானே?

என்ன, அடியில இன்னொண்ணு இருக்கா? இருக்கும் இருக்கும். அது போன தடவை ஒட்டினது. அதையும் எடுத்துடுங்க. அதுக்கடியிலயும் ஒண்ணு இருக்கும், பயப்படாதீங்க.

எதுக்கு இத்தனை ஸ்டிக்கர்னு கேக்கறீங்களா? அடடா, இந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்தி விசாரிக்காமலா சேத்தீங்க? இந்த ஸ்டிக்கர்தான் சார் என் பாடமுறை! நானே கண்டுபிடிச்சது. சின்னப் பசங்களுக்கு இது மெனு, அது டூல்பார், இதுக்குள்ள போ, அதுக்குள்ள போன்னு சொன்னா மண்டையில ஏறுமா? ஏறாது. அதனால நான் என்ன பண்ணேன், திரையில எந்த இடத்துல எந்தப் பொத்தான் வருதோ, அதுக்கு நேரா ஒரு வட்ட ஸ்டிக்கர். சிவப்பை அமுக்கினா புதுப் பக்கம் வரும். பச்சை, கட்டம் போடும். மஞ்சள், மார்க்கெல்லாம் கூட்டிடும். மறுபடி சிவப்பு, ஓரத்துல இருக்கற இன்னொண்ணு, அது சேமிச்சிடும். முடிஞ்சது! "சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடியும் சிவப்பு!" மொத்த வகுப்பும் பாட்டாப் பாடும் சார். கேக்கறதுக்கே அவ்வளவு அழகா இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு மார்க் லிஸ்ட் போடுவாங்க என் பசங்க.

ம்? பொத்தான் மேலேயே ஒட்டினா பொத்தான் எப்படித் தெரியும்னா... தெரியாது. தெரிஞ்சு என்னத்துக்கு சார்? அடியில என்ன எழுதியிருக்குன்னு பாத்தா குழப்பம்தானே வரும்? பசங்க பிய்ச்சுப் பிய்ச்சுப் போட்டாங்கன்னு செருப்பு ஒட்டற பசையைத் தடவி ஒட்டினேன். அந்தப் பசைதான் இப்ப என் உயிரை வாங்குது. சுரண்டுங்க, பேச்சுல கை நின்னுடுச்சு பாருங்க.

அதுல ஒரு பையன், அப்பாவுக்கு வேலை மாத்தலாகி வேற பள்ளிக்கூடத்துக்குப் போனான். போன முதல் நாளே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஓன்னு அழுதிருக்கான். ஏண்டான்னா, "இதுல கலரே இல்லை"ங்கறான். அவங்க அம்மா நேரா இங்க வந்துட்டாங்க, என்னத்தைச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு சண்டைக்கு. நான் என்ன சண்டையா போட்டேன்? கையோட ஒரு அட்டை ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினேன். பிரச்சினை தீந்துச்சா இல்லையா? எதுக்கும் ஒரு வழி இருக்கு சார். மனசுதான் வேணும்.

அப்படி ஒழுங்காப் போயிட்டிருந்த வண்டியை... வந்து கவுத்துட்டாங்க சார்!

லீவு முடிஞ்சு வந்து பாக்கறேன், எல்லாக் கம்ப்யூட்டர்லயும் பழைய சாஃப்ட்வேரைத் துடைச்சு எடுத்துட்டு வேற என்னத்தையோ போட்டு வெச்சிருக்காங்க. ஓப்பன் சோர்ஸாம்! எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லையாம். யாரு வேணா எடுத்துக்கலாமாம், உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்கலாமாம், பிடிக்கலைன்னா மாத்திக்கலாமாம், பக்கத்து வீட்டுக்குக் கூட கொடுக்கலாமாம். இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தற தாளாளர் இருக்காரே, அவரோட மருமகன் வந்து ரெண்டே நாள்ல மாத்திட்டுப் போயிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

திறந்து பாக்கறதுக்கு நான் கேட்டேனா? வீட்ல மிக்ஸி இருக்கு. என்னிக்காவது திறந்து பாத்திருப்போமா? அரைச்சாப் போதும்னு விட்டுடறோம்ல? நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து என் வீட்டுக்காரர் மனசுல என்ன இருக்குன்னே திறந்து பாத்ததில்லை. குடும்பம் ஓடலையா?

அந்த மருமகனுக்குப் போன் போட்டேன். "தம்பி, மஞ்சள் எங்க வரும்?"னு கேட்டேன். "மஞ்சளா மேடம்?"ங்கறாரு. "அதாம்பா, கூட்டறது." "அது எல்லாத்துலயும் ஒண்ணுதான் மேடம், தேடிப் பாருங்க, கிடைக்கும்"னு சிரிக்கறாரு. தேடறதா? நான் டீச்சர் சார்! டீச்சர் வகுப்புல நின்னு தேடினா நல்லாவா இருக்கும்?

முதல் நாள் நடந்ததைக் கேளுங்க. பசங்க வந்து உக்காந்தாங்க. ஸ்டிக்கர் அப்படியே இருக்கு, அடியில சாஃப்ட்வேர் மட்டும் மாறியிருக்கு. எனக்கும் அது உறைக்கலை. "ஆரம்பிக்கலாம், சிவப்பு!"ன்னேன். எல்லாரும் ஒண்ணா அமுக்கினாங்க. எல்லாத் திரையும் ஒண்ணா மூடிக்கிச்சு. திரும்பத் திறந்தோம். "பச்சை!" எழுத்தெல்லாம் பூசணிக்கா சைஸுக்கு வீங்கிடுச்சு. சரி, போகட்டும்னு "மஞ்சள்!"னேன் பாருங்க... அந்த மூலையில இருக்கே பிரிண்டர், அது துப்ப ஆரம்பிச்சது. வெள்ளைத் தாளாத் துப்புது. ஒரு கம்ப்யூட்டர் சொன்னாப் பரவாயில்லை, அத்தனையும் ஒண்ணாச் சொல்லுதே! நிறுத்த எந்தப் பொத்தான்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்து மேலயும்தான் ஸ்டிக்கர் இருக்கே! கடைசியில நான் போய்ப் பிரிண்டர் மேல உக்காந்துட்டேன். அந்த நேரம் பாத்துத் தாளாளர் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறாரு. அவருக்கு நான் வணக்கம் வெச்சேன். உக்காந்தபடியேதான்.

அதோட விளைவுதான் இன்னிக்கு இந்த டெமோ வகுப்பு. பெத்தவங்க எல்லாம் வந்து உக்காரணும், புதுமுறையில கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லிக் கொடுக்கறோம்னு பாக்கணும், நான் நடத்திக் காட்டணும். ஸ்டிக்கர் ஒண்ணு கூட இருக்கக் கூடாதுன்னு உத்தரவு வேற. சரியா வரலைன்னா இந்த லேப் எனக்கில்லையாம். கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துடுவாங்களாம். அவருக்கு ரொம்ப நாளா இது மேல ஒரு கண்ணு. பாடத்து மேல இல்லை சார், ஏசி மேல! இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஏசி இருக்கற ரூம் இது ஒண்ணுதான். கோடையில பாருங்க, ஏதாவது சாக்கு வெச்சுக்கிட்டு இங்க வந்து நின்னுடுவாரு. "ஸ்கேல் இருக்கா மேடம்?" கணக்கு வாத்தியார்கிட்ட ஸ்கேல் இல்லையாம்!

என்னை எங்க போடுவாங்கன்னு தெரியுமா? சீருடை ரூம்ல. பசங்களுக்கு இடுப்பளவு எடுக்கற வேலை. இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் டீச்சர்னு பேர் வாங்கிட்டு, கழுத்துல டேப்பை மாட்டிக்கிட்டு "மூச்சை இழுக்காதே, நேரா நில்லு"ன்னு நிக்கணும். நிஜமாச் சொல்றேன், காலையில ஒரு வாய் கூட இறங்கலை.

அதுக்குத்தான் உங்களைப் பிடிச்சேன். சுரண்டறதுக்கு மட்டுமில்லை. ஒரு உதவி பண்ணணும் நீங்க. வகுப்பு நடக்கும்போது நான் எங்கயாவது தடுமாறினேன்னு வைங்க, நீங்க டக்குனு கையைத் தூக்குங்க. எந்திரிச்சு, "எங்களுக்குப் பழைய சாஃப்ட்வேரே வேணும்"னு சொல்லுங்க. டீச்சர் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பெத்தவங்க சொன்னா தாளாளர் கேப்பாரு. புது அட்மிஷன் சொன்னா இன்னும் நல்லாக் கேப்பாரு.

ஏன் பழையதே வேணும்னு கேட்டா என்ன சொல்றதா? எத்தனையோ இருக்கே! ஆபீஸ்ல எல்லாம் அதைத்தான் வெச்சிருக்காங்க. நாளைக்கு வேலைக்குப் போற பிள்ளை அதைத்தானே கத்துக்கணும்? இது ஒரு நியாயம். எழுதிக்கறீங்களா? வேணாம், கையெல்லாம் எண்ணெய். மனசுல வெச்சுக்குங்க.

என்ன சொன்னீங்க? பிள்ளை வேலைக்குப் போறதுக்குள்ள ஆபீஸ்ல அதுவும் மாறிடுமேவா? ...மாறும். மாறாம என்ன. இந்த ஸ்டிக்கருக்கு அடியில இருக்கற ஸ்டிக்கர் எதுக்குன்னு நினைக்கறீங்க? கம்பெனிக்காரன் திடீர்னு ஒரு நாள் எல்லாப் பொத்தானையும் இடம் மாத்தினான். மாமியார் ஊர்லேருந்து வந்து நம்ம அடுக்களையை மாத்தி வெச்சுட்டுப் போவாங்களே, அந்த மாதிரி. ஒரு வாரம் உக்காந்து எல்லாத்தையும் மாத்தி ஒட்டினேன். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை மாத்தினான். அதுக்கும் ஒட்டினேன். அது... அது வேற சார். கம்பெனி மாத்தினா முறையா மாத்துவான். நம்மளைக் குழப்பறதுக்கு அவனுக்கு ஒரு உரிமை இருக்கு.

சரி, இன்னொரு நியாயம் சொல்றேன். பழையது ரொம்ப நம்பகமானது. ஆமா, திரையோட மூலையில எப்பப் பாத்தாலும் ஒரு வரி நிக்கும், "இது அசல் பிரதி அல்ல"ன்னு. யாரோ எங்கயோ வாங்கிட்டு வந்து போட்டது போல இருக்கு, நான் அதையெல்லாம் கிளறலை. ஆனா பசங்க அதையும் சேத்தே படிச்சுட்டாங்க! பரிட்சையில "கணினியின் படம் வரைந்து பாகங்களைக் குறி"ன்னு கேட்டா, திரை, விசைப்பலகை, மவுஸ், அப்புறம் மூலையில அம்புக்குறி போட்டு "இது அசல் பிரதி அல்ல." எல்லாப் பேப்பர்லயும்! நான் மார்க் போட்டேன். போடாம என்ன பண்றது? பாத்ததைத்தானே வரைஞ்சிருக்காங்க.

சிரிக்காதீங்க சார். இதைச் சொல்ல வேணாம் அங்க. முதல் நியாயத்தை மட்டும் சொல்லுங்க.

இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு கேளுங்க. ஒரு பேச்சுப் போட்டி! ஆண்டு விழாவுல வெச்சாங்க. தலைப்பு, "பள்ளியில் கற்றுத்தர வேண்டியது கணினியையா, கம்பெனியையா?" தாளாளர்தான் நடுவர். ஒரு பொண்ணு வந்து மேடையில ஏறுச்சு. சின்னப் பொண்ணுதான், மைக்கைக் குனிய வெக்க வேண்டியதாப் போச்சு. பேசுச்சு பாருங்க... தாளாளர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்கறாரு. பரிசைக் கொடுக்கும்போதே மைக்கைப் பிடிச்சு, "அடுத்த பருவத்துலேருந்து நம்ம பள்ளியில இதுதான்"னு அறிவிச்சுட்டாரு. ஒரு பொண்ணு பேசினதுக்கு என் ரூமைக் காலி பண்ணிட்டாரு மனுஷன்!

எதிர்த்துப் பேச ஆளில்லையான்னா... இருந்தான் சார், இருந்தான். கணக்கு வாத்தியாரோட பையன். நம்ம கட்சி. பழைய சாஃப்ட்வேர் பக்கம் பேச வேண்டியவன். அவன் பேசினதைக் கேட்டிருந்தா நீங்க தலையில அடிச்சிட்டிருப்பீங்க. "கம்பெனிக் கணினி நல்லது. கம்பெனிக் கணினி மிகவும் நல்லது. ஆகவே கம்பெனிக் கணினி நல்லது. நன்றி, வணக்கம்." இவ்வளவுதான்! இறங்கிப் போயிட்டான். கைதட்டறதா வேணாமான்னு ஜனங்களுக்கே தெரியலை.

ம்? அவனுக்கு எழுதிக் கொடுத்தது யாரா... அதை ஏன் கேக்கறீங்க. அந்த ஸ்கேலைக் கொஞ்சம் கொடுங்க இப்படி.

...கணக்கு வாத்தியார் வந்து, "மேடம், கம்ப்யூட்டர் விஷயம், உங்களுக்குத்தான் தெரியும், என் பையனுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டாரு. நாலு வரி கேட்டாரு, நாலு வரி எழுதினேன். எண்ணிப் பாருங்க, சரியா இருக்கும். இதுல என் தப்பு எங்க இருக்கு?

இல்லை சார், அவன் பக்கம்தான் என் பக்கம். மனசார அதுதான் என் கட்சி. ஆனா மேடையில பேசுச்சே அந்தப் பொண்ணு... அது வந்து... நம்ம பொண்ணு சார். என் பொண்ணு. எட்டாவது. இந்த வகுப்புலதான் இருக்கு, இப்ப வரும் பாருங்க, முதல் வரிசையில ரெட்டைச் சடை. அது எந்தப் போட்டிக்குப் போனாலும் ஆறுதல் பரிசோட வரும். ஒரு சோப்பு டப்பா. எங்க வீட்ல சோப்பு டப்பா மட்டும் அலமாரி நிறைய இருக்கு. "அம்மா, எனக்கு ஒரே ஒரு தடவை கோப்பை வேணும்"னு கேட்டுச்சு. சீட்டுப் போட்டதுல அதுக்கு அந்தப் பக்கம் வந்துடுச்சு. என்ன பண்ணச் சொல்றீங்க? பெத்தவங்கதானே நீங்களும்?

அதனால எழுதினேன்! ஆமா, நான்தான் எழுதினேன்! பெத்த பொண்ணுக்குன்னு உக்காந்து எழுதினா எப்படி வரும்? தானா வந்துடுச்சு சார். எனக்கே தெரியலை. அடுக்களையில நின்னுக்கிட்டே எழுதினேன், பால் பொங்கி வழிஞ்சது கூடத் தெரியலை. எங்க வீட்டுக்காரர் படிச்சுப் பாத்துட்டு, "நீயா எழுதின?"ன்னாரு. அவ்வளவுதான் சொல்லுவாரு. பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டாரு.

எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? சொல்லவா? வேணாம், நேரமாச்சு... சரி, ஆரம்பம் மட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கையை வீசணும்.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அம்மா சமையலைக் கற்றார், அடுப்பைக் கற்கவில்லை. அதனால்தான் எந்த அடுப்பைக் கொடுத்தாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கிறது!"

எப்படி? இங்கதான் முதல் கைதட்டல். நிஜத்துல எங்க வீட்ல புது அடுப்பு வந்தப்ப எனக்குப் பத்த வெக்கத் தெரியலை, அவருதான் பத்த வெச்சாரு, அது வேற விஷயம். பேச்சுல அதையெல்லாம் சொல்ல முடியுமா? கேளுங்க, இன்னும் இருக்கு.

"எங்களுக்குப் பொத்தானைக் காட்டாதீர்கள். அந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லுங்கள். பொத்தான் நாளைக்கே இடம் மாறும். காரணம் மாறாது! கூட்டல் என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளை, எந்தத் திரையிலும் கூட்டலைத் தேடிக் கண்டுபிடிக்கும். பொத்தானை மட்டுமே தெரிந்த பிள்ளை, பொத்தான் மறைந்த அன்று அழும்!"

அந்த மாத்தலாகிப் போன பையனை மனசுல வெச்சுத்தான் எழுதினேன்.

"பெட்டியைப் பூட்டி, சாவியை ஒரு கம்பெனி கையில் கொடுத்துவிட்டு, அதன் முன்னால் எங்களை உட்கார வைத்து, 'கேள்வி கேள் குழந்தாய்' என்கிறீர்களே, நியாயமா? திறந்து காட்டுங்கள்! புரியாவிட்டால் பரவாயில்லை. புரியாததைப் பார்க்கவாவது விடுங்கள்!"

...

என்ன சார், எதுக்குக் கை தட்டறீங்க? எண்ணெய் தெறிக்குது! ...இல்லை, நல்லாத்தான் இருக்கு, இல்லைங்கலை. அதான் என் தலையெழுத்து. இதுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லுடின்னு நானே ராத்திரி பகலா யோசிக்கறேன், எனக்கே பதில் வரமாட்டேங்குது. என்னையே நான் தோக்கடிச்சுட்டேன் சார்! வீட்ல அந்தப் பொண்ணு இருக்கே, அது இன்னும் மோசம். அது பேசினதை அது நம்பிடுச்சு! நேத்து நான் அழாத குறையா, "மஞ்சள் எங்கடி இருக்கு இதுல?"ன்னு கேட்டா, "பொத்தானைக் கேக்காதேம்மா, காரணத்தைக் கேளு"ங்குது. கோப்பை ஃபிரிட்ஜ் மேல உக்காந்து என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுது.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எனக்குப் பயமா இருக்கு சார். பசங்களுக்குத் தெரியாதுன்னு இல்லை. எனக்குத் தெரியாது. சிவப்பு, பச்சை, மஞ்சள் அதுதான் எனக்கும் தெரியும். ஸ்டிக்கரை எடுத்துட்டா அவங்களும் நானும் ஒண்ணுதான்.

சரி, அதை விடுங்க. அந்தத் துணியை எடுங்க, எண்ணெயைத் துடைச்சுடலாம். அதில்லை, அலமாரியில இருக்கு, இருங்க நானே எடுக்கறேன். ஆக, நீங்க என்ன பண்ணணும், நான் தடுமாறினதும் கையைத் தூக்கி, பழைய சாஃப்ட்வேரே வேணும், ஆபீஸ்ல அதான் இருக்குன்னு ஒரே போடா... சார்?

சார்! எங்க போயிட்டாரு? ஸ்கேலு இங்க கிடக்கு. எண்ணெய் இங்க இருக்கு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா மனுஷன்... அதோ, வராந்தாவுல தாளாளர்கிட்ட நின்னு பேசிட்டிருக்காரு. கையை வேற வீசறாரு. ஏன் அப்படி வீசறாரு? நான் வீசின மாதிரியே...

ஐயோ, மணி அடிச்சிடுச்சு.

வாங்க வாங்க, வரிசையா உக்காருங்க. தள்ளாதே. பெத்தவங்க எல்லாம் பின்னாடி உக்காருங்க. வாங்க தாளாளர் சார். வாங்க கணக்கு சார், ஸ்கேல் வேணுமா? ...சும்மா கேட்டேன்.

சரி, பிள்ளைங்களா. இன்னிக்கு நாம மார்க் லிஸ்ட் போட்டுக் கூட்டப் போறோம். எல்லாரும் தயாரா? ம்... முதல்ல... வந்து...

என்ன? சிவப்பு எங்கயா? சிவப்பு இனிமே கிடையாது. யாருடா அங்க சிரிக்கறது? ...என் முழங்கையிலயா? ஓ. ஒட்டிக்கிச்சு. பச்சை என் முதுகுல இருக்கா? இருக்கட்டும்! அதை அமுக்க வராதே, போய் உக்காரு!

கூட்டணும். கூட்டறதுன்னா... திரையில ஏதோ ஒரு இடத்துல இருக்கும். இருக்கணும். ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?

...யாரு அது பின்னாடி கையைத் தூக்கறது? நீங்களா சார்! அப்பாடா! சொல்லுங்க சார், சொல்லுங்க, பெத்தவங்க கருத்து ரொம்ப முக்கியம். தாளாளர் சார், கேளுங்க, புது அட்மிஷன், அவருக்கு என்ன வேணும்னு அவரே...

"மதிப்பிற்குரிய"வா? சார், வேணாம்... சார், அது இல்லை, நாம பேசினது வேற...

"அம்மா அடுப்பைக் கற்கவில்லை, சமையலைக் கற்றார்" இல்லை சார்! "சமையலைக் கற்றார், அடுப்பைக் கற்கவில்லை!" சமையல் முதல்ல வரணும், அடுப்பு அப்புறம்! அப்பத்தான் அடுத்த வரியில "எந்த அடுப்பைக் கொடுத்தாலும்"னு ஏற முடியும்! பாலைப் பொங்க விட்டு ஒவ்வொரு வார்த்தையாக் கோத்திருக்கேன், இப்படியா போட்டு உடைப்பீங்க? எங்க, முதல்லேருந்து சொல்லுங்க!

...

...என்ன தாளாளர் சார், எந்திரிச்சு நின்னுட்டீங்க?

இல்லை சார்... தாளாளர் சார்... அது எனக்கு எப்படித் தெரியும்னா... வீட்ல பொண்ணு மனப்பாடம் பண்ணும்போது காதுல... கோத்திருக்கேன்னா சொன்னேன்? அப்படியா சொன்னேன்? ...கணக்கு சார், நீங்க உக்காருங்க. உங்க பையனுக்கு எழுதினதும் நான்தான்னு உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே! கோப்பையைப் பத்தி அப்புறம் பேசலாம். பொண்ணே, அழாதேடி. சோப்பு டப்பா இருக்கு நமக்கு.

என்ன சார்? ...சீருடை ரூமுக்கா? சரி, டேப்பைக் கொடுங்க, நான் போறேன்.

இல்லையா? ...என்னது? "இவ்வளவு நல்லா எழுதினவங்களை விட்டா இதை வேற யாரால நடத்த முடியும்"ங்கறீங்களா? சார், எழுதறது வேற, நடத்தறது வேற சார்! பேச்சுல ஆயிரம் சொல்லுவோம். யாராவது அதைப் போய்... கை தட்டாதீங்க எல்லாரும்! நீங்களுமா கணக்கு சார்? ஏசி போச்சுன்னு தெரிஞ்சுமா தட்டறீங்க? ஓ, நான் வசமா மாட்டிக்கிட்டேன்னு தட்டறீங்க... புரியுது.

சரி. சரி, உக்காருங்க. பிள்ளைங்களா... எல்லாரும் திரையைப் பாருங்க. பொத்தானைப் பாக்காதீங்க.

கொஞ்ச நேரத்துக்கு என்னையும் பாக்காதீங்க.